சுருங்கிக்கொண்டே வந்த மழையங்கி

இந்த அத்தியாயம் தொடரின் ஒழுங்கில் இல்லாதது. இக்கிழமை எனது முதல் ஆசிரிய நியமனத்தைப் பற்றி எழுதுவதாகவே இருந்தேன். ஆயினும் எங்கள் உடுப்பிட்டியில் ஒரு மழையங்கியைப் பற்றி மூன்று கதைகள் உலவுகின்றன. அவை நெல்லியடிச் சந்தை வரை போய்விட்டன என்றும் அறிகிறேன்.

சுவிற்சர்லாந்திலிருந்து வந்த என் மைத்துனன் பாலன், தான் எனக்குக் கொடுத்த அங்கியைத் தானே மெல்லத் திருப்பி எடுத்துக்கொள்ளப் பார்த்தான் என்பது ஒரு கதை. என் மனைவி நாகேசுவரி கணவனுக்குத் தெரியாமல் அதனை வெட்டித் தைத்து வேறெவருக்கோ கொடுக்க இருந்தாள் என்பது இன்னொன்று. எனக்கு அறிவு தடுமாறிவிட்டது என்பது மூன்றாவது. இதுவே பெரிதும் விரும்பிச் சொல்லப்படுவது.

மூன்றும் என்னைக் கேளாமற் செய்யப்பட்டவை. பாலனோ திரும்பிப் போய்விட்டான். தன் பெயரைக் காத்துக்கொள்ள இங்கே இல்லை. ஆகவே நடந்ததை நடந்தபடி நானே எழுதி வைக்க வேண்டியதாயிற்று.

கண்ணாடிக் கூடு

மாரி ஊன்றிய ஒரு காலை. கிணற்றடி வாழைகளிலிருந்து நீர் சொட்டிக்கொண்டிருந்தது. முன் விறாந்தையில் நின்று மழையங்கியை அணிந்து, பொத்தான்களைப் பூட்டி, மூக்குக் கண்ணாடிக் கூட்டை வலப்புறப் பையினுள் இட்டேன். அது போகவில்லை.

உள்ளே ஏதேனும் கிடக்கிறதோ என்று விரல்களை விட்டுத் துழாவினேன். ஒன்றும் இல்லை. கூட்டை நெடுக்காக வைத்தேன், குறுக்காக வைத்தேன், சரித்துப் பார்த்தேன். முந்திய மாரி முழுவதும் உள்ளே போய்ப் படுத்திருந்த கூடு, அன்று பாதியில் நின்று தலையை வெளியே நீட்டியது.

"நாகேசு, இந்தப் பைக்கு என்ன நடந்தது?" என்று கேட்டேன்.

குசினியில் சமைத்துக்கொண்டிருந்தவளிடமிருந்து மறுமொழி வரச் சற்றுத் தாமதித்தது. அந்தத் தாமதத்தை நான் அன்றே மனத்திற் குறித்துக்கொண்டேன்.

"மழைக்குள்ளை கிடந்து கிடந்து சுருங்கியிருக்கும். மற்றப் பக்கம் வையுங்கோ. கெதியா வெளிக்கிடுங்கோ, பேந்து இன்னும் இருட்டிக்கொண்டு வந்திடும்."

இடப்புறப் பையிலும் போகவில்லை. பருத்தி சுருங்கும், கம்பளி சுருங்கும். நீர் ஒட்டாத அந்த அயல்நாட்டுச் சீலை சுருங்கியதாக நான் கேள்விப்பட்டதில்லை. கூட்டைச் சட்டைப் பையில் திணித்துக்கொண்டு மிதிவண்டியில் ஏறினேன். நெல்லியடி போய்ச் சேரும் வரை நினைவு முழுவதும் அந்தப் பையிலேயே இருந்தது.

அங்கி வந்த வழி

எங்கள் குடாநாட்டு வீடுகளில் எத்தனை குளிரங்கிகள் வேலையின்றிக் கிடக்கின்றன என்பதை எவரேனும் ஆராய்ந்தால் நல்லதொரு கட்டுரை ஆகும். வெளிநாட்டிலிருந்து வருபவர் அங்கியோடு வருவார். போகும்போது பெட்டியில் அங்கியின் இடத்தை மிளகாய்த் தூளும் பனங்கிழங்கு ஒடியலும் பிடித்துக்கொள்ளும். அங்கி இங்கேயே தங்கிவிடும். பிறகு அது நீரிறைக்கும் இயந்திரத்துக்குப் போர்வையாகும். மோட்டார் சைக்கிள் இருக்கைக்கு உறையாகும். ஒரு வீட்டில் குட்டி ஈன்ற ஆட்டுக்கு விரித்திருந்ததையும் கண்டிருக்கிறேன்.

பாலன் முன்னொரு முறை வந்தபோது கொண்டுவந்தது அவ்வகை மிச்சம் அன்று. எனக்கென்றே வாங்கியது. சளிச்சுரம் கண்டு நான் படுத்தெழும்பிய காலத்தில், "கோட்டு இல்லாமல் மழைக்கை சைக்கிள் எடுக்கேலாது" என்று நாகேசுவரி ஆணையிட்டிருந்தாள். காலைதோறும் நெல்லியடி வாசிகசாலைக்குப் போய் வருவதை எடுத்துவிட்டால், ஓய்வு பெற்ற எனக்கு நாள் என்று சொல்ல ஒன்றும் மிஞ்சாது. ஆகவே அந்த அங்கி எனக்கு வெறும் உடை அன்று. மாரி மாதங்களில் படலையைத் திறந்து தெருவுக்குப் போகும் உரிமை அது.

கருநீல நிறம், முழந்தாள் வரை நீளம், தலைக்கு மூடி, உள்ளே பஞ்சு வைத்துத் தைத்த தடித்த உட்சீலை. அந்நாளில் நான் பருத்த உடம்பினன். கடையில் இருந்தவற்றுள் மிகப் பெரியதையே வாங்கினானாம். முதல் நாள் அணிந்தபோதே வியர்த்துக் கொட்டியது.

"அத்தான், எங்கடை ஊரிலை உதோடை ஐசுக்கை நிக்கலாம்," என்றான் பாலன். 'எங்கடை ஊர்' என்று அவன் சொன்னது சுவிசை.

"இவர் ஐசுக்கை நிக்கப் போறேல்லை, சந்தைக்குப் போறார்," என்று சொல்லிக் கத்தரிக்கோலை எடுத்தாள் அவன் தமக்கை.

உட்சீலை பிரிக்கப்பட்டது, அதன் பஞ்சு பாலனுக்கே தலையணையாயிற்று. தலைமூடி இருபுறமும் கண்ணை மறைத்து, பின்னே வரும் பேருந்தைக் காணவொட்டாமற் செய்தது. அதன் ஓரத்தை மடித்துத் தைத்தாள். முன்புறத்தை இழுத்து மூடும் 'சிப்' உப்புக் காற்றில் இறுகிவிட்டது. மெழுகுதிரி தேய்த்துப் பார்த்தாள். சரிவராமற் போகவே, அதைக் கழற்றிவிட்டுப் பெரிய பொத்தான்கள் வைத்தாள். முட்கம்பி கிழித்த முழங்கைக்கு மிதிவண்டிக் குழாய்த் துண்டை வட்டமாக வெட்டி, பஞ்சர் ஒட்டும் 'சொலூசன்' பூசி உள்ளே ஒட்டினாள்.

இவை யாவும் என்னைக் கேட்டு, எனக்குக் காட்டிச் செய்யப்பட்டவை. அதை இங்கே அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. பையைப் பற்றி எவரும் என்னைக் கேட்கவில்லை.

உரப்பையில் தைத்த அங்கி

இவ்விடத்தில் ஒரு பழைய செய்தி.

பொருளாதாரத் தடை இருந்த காலத்தில் மழையங்கி வாங்க எங்கே போவது? உரம் வந்த பைகளைக் கழுவிக் காயவைத்து, இரண்டை இணைத்து, நானும் நாகேசுவரியுமாக ஓர் அங்கி தைத்தோம். நூல் இற்றுப்போகும் என்று, மீன்பிடிக்குப் பயன்படும் தங்கூசி நரம்பால் தைத்தோம். பார்வைக்கு மோசமில்லை, முதுகில் உரத்தின் பெயர் பெரிய எழுத்தில் இருந்தது மட்டுமே குறை.

முதல் மழையிலேயே பள்ளிக்குப் போய் இறங்கியபோது, வெள்ளைச் சட்டையின் இரு தோள்களிலும் இரண்டு ஈரக்கோடுகள். காவடி எடுத்து இறக்கியவன் போல வகுப்பில் நின்றேன். தையல் தோளின்மேல் வந்திருந்தது. ஊசி போன துளை ஒவ்வொன்றாலும் மழை இறங்கியிருந்தது.

அன்று மாலை அந்த அங்கியை விளக்கொளிக்கு நேரே பிடித்துப் பார்த்த நாகேசுவரி சொன்னது இன்னும் நினைவிருக்கிறது: "பருத்திச் சீலையெண்டால் ஊசி போன ஓட்டை ஒருக்காத் தோய்க்க மூடிவிடும். உதிலை விழுந்த ஓட்டை விழுந்ததுதான்."

அந்த நாள் முதல் நீர் ஒட்டாத சீலையில் ஊசி வைப்பதென்றால் அவள் ஒன்றுக்கு இரண்டு முறை யோசிப்பாள். அத்தகையவள் என் அங்கியில் ஊசி வைத்திருக்கிறாள் என்றால், காரணம் வலுவானதாகவே இருத்தல் வேண்டும். நான் அப்படித்தான் கணக்குப் போட்டேன்.

மெலிவு விசாரணை

எங்களவர் ஒருவரை வழியிற் கண்டால் முதலில் நலம் வினவுவதில்லை, உடலை மதிப்பிடுவர். "என்ன, நல்லா மெலிஞ்சு போனியள்? சுகர் கூடவோ?" என்பது இங்கே வணக்கத்துக்கு நிகர். "முகமெல்லாம் வத்திப்போச்சு, ஆரிட்டைக் காட்டுறியள்?" என்பது அன்பின் மிகுதி.

என் அண்ணை நெல்லியடியில் இருந்தவர். ஒரு கோயில் திருவிழாவில் இந்த மதிப்பீடு அவருக்கு நடந்தது. தேர் இழுத்தவர்கள் கேட்டார்கள். தேங்காய் உடைத்தவர்கள் கேட்டார்கள். சோறு பரிமாறியவரும் அகப்பையை நிறுத்திவிட்டுக் கேட்டார். வீட்டுக்கு வந்து கட்டிலிற் படுத்தவர், அதன்பின் தெருவுக்கு வரவே இல்லை.

அவரைக் கொன்றது நோய் பாதி, விசாரணை பாதி என்று செத்த வீட்டிலும் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியிலும் அதன் பின்னரும் நான் சொல்லிவந்திருக்கிறேன். "என்னை மட்டும் ஒருவரும் மருத்துவரிடம் இழுக்கக்கூடாது" என்றும் சேர்த்துச் சொல்வது வழக்கம். நாகேசுவரி இதைக் கேட்டுக் கேட்டுச் சலித்தவள்.

நான் சொல்லவரும் மாரியில் என்னை ஒருவரும் விசாரிக்கவில்லை. அது என் உடல்நலத்துக்கு ஊரார் வழங்கிய சான்று என்றே கொண்டேன். நானும் எனக்குள் ஒரு மாற்றமும் காணவில்லை. வேட்டி கட்டுபவனுக்குத் தன் இடையளவு தெரியாது. எப்போது கட்டினாலும் அது இடுப்புக்குச் சரியாகவே இருக்கும். சட்டைகள் மனைவி தைப்பவை. முகத்தில் கந்தசட்டிக்கு வளர்த்து எடுக்காமல் விட்ட தாடி.

ஒரு சிறு நெருடல் மட்டும் உண்டு. வாசிகசாலையில் என் எதிரே அமரும் நண்பர் செல்லையா ஒருநாள் என்னை ஏற இறங்கப் பார்த்து, "நீர்…" என்று தொடங்கினார். பிறகு பத்திரிகையை உயர்த்தி, "மழை வரும் போலை கிடக்கு," என்றார். யன்னலுக்கு வெளியே வானம் நன்றாக வெளித்திருந்தது.

வெண்கட்டிக் கோடு

கண்ணாடிக் கூடு நுழையாத நாளிலிருந்து அங்கியை நான் ஆராயத் தொடங்கினேன்.

பொத்தான்கள் இடம் மாறியிருந்தன. ஒவ்வொரு பொத்தானுக்கும் பக்கத்தில், முன்பு அது இருந்த இடத்தில், வெயில் படாத கருநீல வட்டம். வட்டத்தின் நடுவே ஊசித் துளைகள். உட்புறத்தில் பக்கத் தையல்களின் மீது தொழிற்சாலையில் ஒட்டியிருந்த நீர்காப்புப் பட்டி மடிப்புக்குள் மறைந்து, புதிய தையல் வெறுமையாகக் கிடந்தது. அங்கி இரு விலாக்களிலும் உள்ளே பிடித்துத் தைக்கப்பட்டிருக்கிறது. பை குறுகிய காரணம் அதுவே.

பிடித்த அங்கி எனக்கு இறுகவில்லையே என்ற வினா எழாமலில்லை. நெடுநாள் உடுத்த சீலை தளரும். ஆதலால் பிடித்தும் இறுகவில்லை என்று முடிவு செய்தேன். அன்றைக்கு அது நல்ல முடிவாகவே தோன்றியது.

ஆசிரியன் வீட்டில் கரும்பலகை வெண்கட்டிக்குக் குறைவில்லை. அங்கியின் உட்புறத்தில், பக்கத் தையலுக்கு அருகே, நேராக ஒரு வெண்கோடு இழுத்து வைத்தேன். சில நாள்கள் கோடு அப்படியே இருந்தது. ஒரு வெள்ளிக்கிழமை கோயிலிலிருந்து திரும்பி வந்து பார்த்தபோது கோட்டைக் காணவில்லை. துடைத்த அடையாளமும் இல்லை. தையல் அதை விழுங்கியிருந்தது.

அங்கி ஒரு மெல்லிய உடலை நோக்கிப் போய்க்கொண்டிருக்கிறது. வீட்டில் மெல்லிய உடல் ஒருவனுக்கே உண்டு. என் கலியாண நாளில், மணவறைக்குப் பக்கத்தில் நீண்டு மெலிந்து நின்ற பாலனுக்கு நான் வைத்த பெயர் 'முருங்கைக்காய்'. வெளிநாட்டுச் சோறும் பாற்கட்டியும் அப்பெயரைப் பொய்யாக்கவில்லை. அந்த மாரிக்கு மறுபடியும் ஆறு மாத விடுப்பில் வந்து எங்கள் முன்னறையில் தங்கியிருந்தான். அங்கியைக் கொடியிலிருந்து எடுத்து உள்ளே வைப்பவனும் அவனே. ஒருநாள் அவன் காற்சட்டையில் வெண்பொடி ஒட்டியிருந்தது.

"உது என்ன வெள்ளை?" என்றேன்.

"திருநீறு அத்தான்."

"திருநீறு நெற்றிக்குப் பூசுறது. தொடைக்கு எப்ப தொடக்கம்?"

அவன் சிரித்தான். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

துணி போட்டு மூடிய தையற்பொறி

மழை இல்லாததால் அங்கியை வீட்டில் விட்டுப் புறப்பட்ட ஒரு காலை, வாசிகசாலை பூட்டியிருந்தது. அரைவழியிலே திரும்பி வீட்டுக்கு வந்தேன். படலையைத் திறக்கும்போதே தையற்பொறி ஓடும் ஒலி கேட்டது. மிதிவண்டியை மாமரத்தோடு சாத்திவிட்டு மெல்ல நடந்தேன்.

"அக்கா, உதை இனியும் பிடிச்சால் அத்தான் கண்டுபிடிச்சிடுவார்." இது பாலனின் குரல்.

"அவர் ஆக்களின்ரை கட்டுரையிலை எழுத்துப்பிழை கண்டுபிடிப்பார். உதெங்கை காணப்போறார்?"

"நேரை சொல்லிப்போட்டால் என்ன?"

"சொல்லுறதோ? உனக்கென்ன விசரே? பேசாமல் அந்த நுனியைப் பிடி."

நான் வாயிலில் நின்றேன். நாகேசுவரி ஒரு கட்டில் விரிப்பை இழுத்துப் பொறியின்மேற் போட்டாள். பாலன் எழுந்து, "அத்தான், தேத்தண்ணி குடிக்கிறியளோ?" என்றான். பிறந்த நாள் தொட்டு அவன் எவருக்கும் தேநீர் ஊற்றியதில்லை.

தேநீரைக் குடித்தேன். சீனி கூடிவிட்டது. ஒன்றும் கேட்கவில்லை. ஐயுறுபவன் முதற்கண் செய்ய வேண்டியது ஐயத்தை மறைப்பது.

மறுநாள் செல்லையாவிடம் மட்டும் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பத்திரிகையை மடித்து மடியில் வைத்துக்கொண்டு கேட்டார்.

"குடுத்தவன் திருப்பி எடுக்கிறான். உமக்கென்ன நட்டம்?"

"கேட்டு எடுக்கட்டும். களவாய் எடுக்கிறதோ? கோட்டு போனால் மாரி முடியுமட்டும் நான் வீட்டுச் சிறை."

அவர் யன்னலின் பக்கம் திரும்பிக்கொண்டார். பிறகு சொன்னார்: "அப்ப ஒண்டு செய்யும். உம்மடை மச்சானுக்கு அதைப் போட்டுப் பாரும். ஆரின்ரை அளவுக்குத் தைச்சதோ அவருக்குப் பொருந்தும்."

அறிவுரை நன்றாயிருந்தது. அதைச் சொன்னபோது அவர் என் முகத்தைப் பார்க்காததை அப்போது பொருட்படுத்தவில்லை.

விறாந்தையில் நடந்த சோதனை

அடுத்த பெருமழையில் நெல்லியடியிலிருந்து எதிர்காற்றோடு மல்லுக்கட்டி வந்து சேர்ந்தேன். அங்கியைக் கழற்றினால், சட்டையின் மார்பில் மேலிருந்து கீழாக வட்ட வட்டமாக ஈரம். பழைய பொத்தான் துளைகளின் வேலை. இரு விலாக்களிலும் அக்குளிலிருந்து இடுப்பு வரை ஈரக்கோடுகள். உரப்பை அங்கி நினைவுக்கு வந்தது. அன்று கோடுகள் வரும் என்று தெரியாமல் தைத்தோம். இன்று தெரிந்தே தைத்திருக்கிறாள். சினம் தலைக்கேறிற்று.

பாலன் விறாந்தையிற் கதிரை போட்டு இருந்து பனங்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தான். மழை சற்று விட்ட நேரம் பார்த்து வந்த மீன்காரர், படலையடியில் நாகேசுவரிக்கு மீன் நிறுத்துக்கொண்டிருந்தார்.

"பாலன், எழும்பு. இதைப் போடு."

"இப்பவோ அத்தான்? ஈரமெல்லே."

"போடு எண்டுறன்."

நாகேசுவரி மீன் சட்டியோடு ஓடி வந்தாள். "இஞ்சாருங்கோ, உதென்ன விசர் வேலை? முதல்லை தலையைத் துடையுங்கோ."

"நீ பேசாதை. ரண்டு பேருமாச் சேர்ந்து ஆருக்கு வெட்டித் தைச்சியள் எண்டு நான் பாக்கவேணும்."

பாலன் தமக்கையைப் பார்த்தான். அவள் சட்டியிலிருந்த மீனைப் பார்த்தாள். அவன் கிழங்கைக் கீழே வைத்து, கையை வேட்டியில் துடைத்து, அங்கியை வாங்கினான்.

தோள் ஏறியது. கைகள் ஏறின. முன்புறத்தை இழுத்துப் பொத்தானுக்கு நேரே கொண்டுவந்தான். பொத்தானுக்கும் அதன் துளைக்கும் இடையில் ஒரு கை அகலம் வெளி கிடந்தது. மூச்சை உள்ளிழுத்து இன்னொருமுறை இழுத்தான். முதுகுத் தையல் நெரிந்து முனகியது. வெளி மூடவில்லை.

படலையடியில் மீன்காரர் சிரித்தார். பிறகு, ஏனோ, நிறுத்திக்கொண்டார்.

பாலன் இரு கைகளையும் கீழே விட்டான்.

"முருங்கைக்காய்க்கே பூட்டுதில்லை, அத்தான்," என்றான்.

நான் அங்கியை அவன் தோளிலிருந்து கழற்றினேன். ஈரச் சட்டையின்மேல் நானே அணிந்தேன். பொத்தான்கள் ஒவ்வொன்றாகப் பூட்டின. கடைசிப் பொத்தானும் பூட்டியது. எங்கும் இறுகவில்லை; அடியில் ஒரு விரல் ஓடவும் இடம் இருந்தது.

பொத்தான்களை மேலிருந்து கீழாக மறுபடி எண்ணினேன்.

நாகேசுவரிதான் பேசினாள். "றோட்டிலை காணுற சனம் 'மாஸ்டர் மெலிஞ்சு போனியள்' எண்டு கேட்டால், நீங்களும் உங்கடை அண்ணை மாதிரி வந்து கட்டில்லை படுத்திடுவியள். தொங்குற கோட்டோடை போனால் ஆர்தான் கேக்காமல் விடுவினம்? அதுதான் பிடிச்சனான். பேந்து சட்டையளையும் பிடிச்சனான். செல்லையா அண்ணையிட்டையும் சொல்லி வைச்சனான், கேக்காதேங்கோ எண்டு."

"அப்ப டொக்டரிட்டை எண்டாவது…" என்று நான் தொடங்கினேன்.

"ஆர் கூட்டிக்கொண்டு போறது? இழுக்கக்கூடாது எண்டு ஊரெல்லாம் சொல்லி வைச்சது ஆர்?"

அவள் அருகே வந்து, அங்கியின் பக்கத் தையலைப் பிடித்து உட்புறமாகத் திருப்பிக் காட்டினாள். தையலுக்குப் பக்கத்தில் தையல், அதற்குப் பக்கத்தில் இன்னொரு தையல். ஒவ்வொரு முறையும் ஒரு விரல் பிடித்திருக்கிறாள். அந்த மடிப்புகளுக்குள்ளே என் வெண்கட்டிக் கோடும் அகப்பட்டுக் கிடந்தது.

"ஒவ்வொருக்காப் பிடிக்கேக்கையும் இதோடை நிண்டிடும், இதோடை நிண்டிடும் எண்டு நினைச்சனான். நிக்கேல்லை. இனிப் பிடிக்க இடமில்லை. பொக்கற்றை முழுக்கச் சேத்துத்தான் தைக்கவேணும்."

சட்டியைக் கீழே வைத்துவிட்டு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

நான் தாடியைத் தடவினேன். தடவிய கை நேரே எலும்பில் முட்டியது. இத்தனை நாள் அதே தாடியைத் தடவிக்கொண்டுதான் இருந்திருக்கிறேன்.

"நாளைக்குப் போவம்," என்றேன்.

"நாளைக்கு இல்லை, இண்டைக்கு," என்றான் பாலன்.

"சந்தியிலை ஓட்டோ நிக்குது, நான் போய் அனுப்பிவிடுறன்," என்றார் மீன்காரர். போகும் வழியில் எத்தனை வீடுகளில் கதையையும் சேர்த்து நிறுத்துக் கொடுத்தாரோ தெரியாது. மூன்று கதைகளும் அன்றுதான் படலை தாண்டின. அந்த ஓட்டோவை உடனே அனுப்பியவரும் அவரே என்பதையும் எழுதிவிடுகிறேன்.

இன்னும் தீராத ஒன்று

நோயின் பெயரை இங்கே எழுதேன். எழுதினால் வாசகர்கள் கைவைத்தியம் அனுப்புவார்கள். மருந்து உண்டு என்றும், இன்னும் சில மாதங்கள் கழித்து வந்திருந்தால் அப்படிச் சொல்லியிருக்க முடியாது என்றும் மருத்துவர் சொன்னார். அவர் அதைச் சொன்னபோது நாகேசுவரி என்னைப் பார்க்கவில்லை. நானும் அவளைப் பார்க்கவில்லை. கேள்விக்கு அஞ்சியவன் நான். என் அச்சத்துக்கு அஞ்சியவள் அவள். எங்கள் இருவரையும் காட்டிக் கொடுத்தது ஒரு கை அகல வெளி.

பாலன் பயணத்தைப் பின்போட்டு, என்னோடு மருத்துவமனைக்கு அலைந்து, பின்னரே போனான். போகும்போது அவன் பெட்டியில் மிளகாய்த் தூளும் ஒடியலும் இருந்தன. மழையங்கி இருக்கவில்லை. ஊரார் இதைக் கவனித்தல் வேண்டும். அது இதோ, நான் எழுதும் மேசைக்கு எதிரே, ஆணியில் தொங்குகிறது.

இப்போது மறுபடியும் மாரி. நாகேசுவரி பழைய பொத்தான் துளைகளில் மெழுகுதிரி தேய்த்து, சூடான கரண்டியால் அழுத்திவிட்டாள். மார்பு நனைவதில்லை. ஆனால் சென்ற கிழமை நெல்லியடியிலிருந்து வரும்போது விலாவில் ஒரு புதிய இடத்தில் குளிர்ந்தது. மெல்லிய கோடாக, ஊசி முனைகள் வரிசையாகத் தொட்டதுபோல.

வீட்டுக்கு வந்து அங்கியை உட்புறமாகத் திருப்பினேன். தையல் ஒரு விரல் தளர்த்தப்பட்டிருந்தது. பழைய தையலின் துளைகள் வெளியே வந்திருந்தன. மழை அவற்றாலேதான் இறங்கியிருக்கிறது. துளைகளுக்கு அப்பால், மடிப்புக்குள் நெடுநாள் கிடந்து மங்கிய என் வெண்கட்டிக் கோடும் வெளியே வந்து நின்றது.

நான் ஒரு விரல் பருத்திருக்கிறேன் என்பது அதன் பொருள். அல்லது, நான் அப்படி எண்ணவேண்டும் என்று அவள் விரும்புகிறாள் என்பது அதன் பொருள். தளர்த்திய அங்கி எனக்குத் தொங்கவில்லை, சரியாகவே இருக்கிறது. ஆயினும் அன்று காலை, "குளிருது, உள்ளுக்கை உதையும் போடுங்கோ," என்று தடித்த பெனியன் ஒன்றை எடுத்துத் தந்தவளும் அவளே. முன்பு ஒருமுறை ஏமாந்தவன், இந்தப் பெனியனை ஐயுறாமல் இருப்பது எப்படி?

கேட்கலாம். கேட்டால், "சுருங்கின சீலை இப்ப விரிஞ்சிருக்கும்," என்பாள்.

இந்த அத்தியாயத்தில் பிழைகள் இருக்கலாம். உடையின் உறுப்புகளுக்கு நான் இட்ட பெயர்களில் இருக்கலாம். உரையாடல்களிற் சொல் முன்பின்னாகியிருக்கலாம். சுவிசில் இருந்தபடி பாலன் இதைப் படித்தால் அவனுக்கும் திருத்தம் தோன்றலாம். அறிந்தவர்கள் எழுதுக; ஏற்றுத் திருத்துவேன். ஆனால் எனக்கு முதன்மையாக வேண்டிய திருத்தம் ஒன்று. உடுப்பிட்டிக்கும் நெல்லியடிக்கும் இடையில், காலை வேளையில், கருநீல அங்கியோடு மிதிவண்டியில் வரும் தாடிக்காரனைக் காண்பவர்கள் தயங்காமல் மறித்து, ஏற இறங்கப் பார்த்து, மெலிந்தானா பருத்தானா என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுங்கள். நாகேசுவரி உங்களிடம் முன்னரே வந்து என்ன சொல்லியிருந்தாலும், அதைப் பொருட்படுத்த வேண்டா.